தென்றல் பெயரில் ஷாஹீன் எழுதினாள்

ஷாஹீனைப் பற்றித் திருவண்ணாமலையில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பேய் பிடித்தவள் என்பார்கள். செத்த பிள்ளையைக் கம்ப்யூட்டருக்குள் அடைத்து வைத்தவள் என்பார்கள். வாய்க்கு வந்ததைப் பேச நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? நான் அவளோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள், ஆங்கில டீச்சர் காசியம்மாள். அவள் செய்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பா ஜியாவுல்லா பூட்டும் குடையும் ரிப்பேர் செய்கிறவர். 1989இல் ஷாஹீன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, படித்த இன்ஸ்டிட்யூட்டிலேயே சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள். பத்து வருஷத்தில் கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டரை ஓரங்கட்டியது. இவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்தாள். 2001இல் பே கோபுரத் தெருப் பக்கம் இருந்த எங்கள் பெண்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்தபோது அவற்றோடு அவளும் வந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்கு வேலை ஜாஸ்தி காசி, நீ வேற" என்று சிரித்து மழுப்புவாள். பன்னிரண்டு மணி என்றால் அவளுக்குப் பன்னிரண்டுதான், ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. அந்தப் பிடிவாதம் பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

2004இல் இன்டர்நெட்டில் ஒரு திட்டத்தைக் கண்டுபிடித்தாள். பன்னிரண்டு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து செய்வது. எல்லாரும் ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நட்டு, சொன்ன தேதியில் உச்சிவேளையில் அதன் நிழலை அளக்க வேண்டும். அளவைத் திட்டத்தின் இணையதளத்தில் ஏற்றினால், எல்லா நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பூமியின் சுற்றளவைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கூட்டாளிப் பள்ளி உண்டு. எங்களுக்கு வாய்த்தது நார்வேயில் ஒரு ஊர். மதியத்திலேயே அங்கே நிழல் ஆளைவிட நீளமாம்.

அந்தத் தளத்தில் டீச்சர்கள் எழுதக் கூடாது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு மாணவிதான் தலைவி, அவள் பெயரில்தான் உள்ளே போக முடியும். ஷாஹீன் ஒன்பதாம் வகுப்புத் தென்றலைத் தலைவியாக்கினாள். மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைப் பெண். அம்மா மணியம்மாள் கிரிவலப் பாதையில் கற்பூரமும் பூவும் விற்கிறவள், அப்பா கிடையாது. தென்றல் ஒல்லி, வாய் மட்டும் நீளம். நார்வேப் பிள்ளை இங்கா, "உங்கள் ஊரில் என்ன விசேஷம்?" என்று எழுதினால், "மலையைச் சுற்றி லட்சம் பேர் நடப்பார்கள், மலை மட்டும் நகராது" என்று பதில் எழுதுகிற ரகம். ஆங்கிலத்தைத் திருத்தத்தான் என்னிடம் வருவாள். அவளுக்கு இளைப்பு இருந்தது. குளிர் மாசத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

ஏப்ரல் கடைசியில் நம் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். நார்வேப் பிள்ளைகளால் இதை நம்பவே முடியவில்லை. "நிழல் இல்லாத நாளை அளந்து சொல், காத்திருக்கிறோம்" என்று இங்கா மூன்று கடிதம் போட்டாள். 2005இல் அந்த நாள் சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது. பள்ளி லீவு. ஷாஹீன் முதல் நாளே தென்றலிடம் சொல்லியிருந்தாள், "பன்னெண்டு மணிக்கு வந்துடணும். உன் கையால அளந்தாதான் கணக்கு."

வந்துவிட்டாள். நானும் இருந்தேன். நம் ஊர் உச்சிவேளையான பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குச்சியின் அடியில் அரை சென்டிமீட்டர் கறுப்பு. அதை அளந்துவிட்டு, "மிஸ், நிழல் செத்துப்போச்சு" என்று கைதட்டினாள். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஷாஹீன் தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் படு என்றாள். வேறு ஒன்றும் தோன்றவில்லை எங்கள் இரண்டு பேருக்கும்.

பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் பஸ் ஓடாது. தென்றல் நடந்தாள். மலையை வலமாகச் சுற்றி வருகிற கூட்டம் முழுக்க எதிரே வர, இவள் அதைக் கிழித்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். வெயில், புழுதி, கற்பூரப் புகை. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள், ஆட்டோ திரும்ப இடமில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் முடிந்துவிட்டது. வயது பதினாலு.

பத்தாம் நாள் ஷாஹீன் பள்ளிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். இங்காவின் கடிதம் இருந்தது. "தென்றல், நிழல் போய்விட்டதா? ஏன் சொல்லவில்லை?" தலைவியை மாற்ற அந்தத் தளத்தில் ஒரு படிவம் உண்டு. அதில் விலகும் காரணம் என்று நாலு வரி. பள்ளி மாறினார், வகுப்பு மாறினார், ஆர்வம் இல்லை, மற்றவை. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஷாஹீன் என் பக்கம் திரும்பினாள்.

"மற்றவைன்னு போடணுமாம் காசி. நான் எப்படிப் போடுவேன்?"

படிவத்தை மூடிவிட்டு, தென்றல் பெயரில் பதில் எழுதினாள். அரை சென்டிமீட்டர். அது அந்தப் பிள்ளை அளந்தது, அவள் பெயரில்தானே போக வேண்டும் என்றாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பாவம். ஒரு கடிதத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். ஆசை யாரை விட்டது?

இங்கா மறுபடி எழுதினாள், தென்றல் மறுபடி பதில் போட்டாள். 2006இல் தென்றல் பத்தாவது பாஸ் செய்தாள், நானூற்று நாற்பத்தொன்று மார்க். சைக்கிள் விடக் கற்றுக்கொண்டாள். பிளஸ் ஒன்னில் சயின்ஸ் எடுத்தாள். இதையெல்லாம் ஷாஹீன் எழுதும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு சந்தோஷம். "போதும் ஷாஹீன்" என்று ஒரு தரம் சொன்னேன். "நான் நிறுத்தினா அவ செத்துடுவா" என்றாள், குரல்கூட மாறாமல். அன்றைக்கு எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்தத் தளம் ஒரு பச்சைப் புள்ளி காட்டும். ஷாஹீன் மூடாமல் சாப்பிடப் போன ஒரு மதியம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். "தென்றல் அக்கா உள்ள இருக்குது!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் தனியாக அந்த அறைக்கு எந்தப் பிள்ளையும் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லிப் பயத்தைத் தெளியவைக்க வேண்டிய நானும் போகவில்லை. கதவைத் தாண்டும்போது யாரோ இளைக்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் விசிறிதான், தெரியும். தெரிந்தும் வேகமாக நடப்பேன்.

2007 ஜூனில் இங்காவிடமிருந்து ஒரு கடிதம். டிசம்பரில் அவளும் அம்மாவும் வருகிறார்களாம், ரமணாசிரமம் பக்கம் ரூம் பார்த்துவிட்டார்களாம். "உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும். உன் அம்மா கடையில் பூ வாங்க வேண்டும்." ஷாஹீனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டாள் என்று எழுதிவிடலாமா என்று என்னைக் கேட்டாள். எழுதாதே, உண்மையைச் சொல் என்றேன். "சொல்லிட்டா அப்புறம் யார் இருக்கா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே மணியம்மாள் பள்ளிக்கு வந்தாள். ஏழாம் வகுப்புப் பேச்சு நாலு மைல் நடந்து அவள் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மகள் போன பிறகு அவள் இந்தப் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். ஷாஹீன் எழுந்து நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"டீச்சர், எம்பொண்ணு இதுக்குள்ள இருக்கறான்னு சொல்றாங்களே, நெசங்களா?"

நான்தான் நடந்ததைச் சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். மணியம்மாள் தரையில் உட்கார்ந்தாள்.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

ஷாஹீன் படித்தாள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். இரண்டு வருஷக் கடிதம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்தாவது பாஸ் என்று வந்த இடத்தில் மணியம்மாள், "எவ்ளோ மார்க்கு?" என்று கேட்டாள். சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன். சைக்கிள் விட்ட கதையைச் சொன்னபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எம்பொண்ணு சைக்கிள மிதிச்சா நாலடி போறதுக்குள்ள மூச்சு நின்னுடும். இது அவ இல்லீங்க. இது நீங்க."

ஷாஹீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வருஷா வருஷம் அவளுக்குப் பூவாடை கும்புடறேன்" என்றாள் மணியம்மாள். கன்னியாகச் செத்த பெண்ணை வீட்டுச் சாமியாக்கி, புதுப் பாவாடை, வளையல், பூ வைத்துப் படைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. விளக்கில் வந்து இறங்கும்படி அவளைக் கூப்பிட்டு, பல்லி சொல்லும் வரை காத்திருப்பார்கள். பல்லி சொன்னால் வந்துவிட்டாள், படையலை ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். "ரெண்டு வருஷமா விடிய விடிய கூப்பிட்டேன். ஒரு சத்தம் இல்ல. சொந்தக்காரங்க எல்லாம் வெறும் சோத்தத் துன்னுட்டுப் போனாங்க. எம்மேல என்ன கோவமோன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது. இங்க உயிரோட வச்சிருந்தா அங்க எப்படி வருவா? எம்பொண்ண விட்டுடுங்க டீச்சர். அவ செத்துப்போகட்டும்."

படித்தவள் நான், இதற்கெல்லாம் நூறு பதில் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு பதிலும் செல்லாது என்றும் தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்த அம்மாவின் வீட்டில் படையல் தீண்டப்படாமல் கிடந்ததற்கு என் திருத்தமும் ஒரு காரணம் என்று உடம்பு கூசியது.

ஷாஹீன் திடீரென்று மணியம்மாள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க அவள வரச் சொன்னேன். லீவு அன்னிக்கு நான்தான் வரச் சொன்னேன். இளைச்சதப் பாத்தேன். பாத்துட்டும் அனுப்பினேன்."

"தெரியும். வேணாம்டின்னேன். மிஸ் காத்துட்டு இருப்பாங்கன்னு போனா." மணியம்மாள் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "அதுக்கு உங்கள மன்னிக்கல நானு. மன்னிக்கவும் மாட்டேன். அது வேற. இப்ப எந்திரிச்சு இத எழுதுங்க."

ஷாஹீன் எழுந்து உட்கார்ந்து எழுதினாள். இங்காவுக்கு, அந்த வகுப்புக்கு, பன்னிரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கு. இதுவரை எழுதியது யார் என்று எழுதினாள். முழு வேகத்தில் அடிக்கிறவள், அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். திருத்தட்டுமா என்று நான் கேட்கவில்லை.

"இன்னா எழுதினீங்க?"

"தென்றல் இறந்துட்டாள்னு எழுதினேன்."

"வயசு போட்டீங்களா?"

ஷாஹீன் திரையைப் பார்த்தாள். பதினாறு என்று அடித்திருந்தாள். கை அப்படிப் பழகிவிட்டது.

"பதினாலு" என்றாள் மணியம்மாள். "பதினாலுன்னு போடுங்கம்மா."