தூக்காதீங்க, தள்ளி நில்லுங்க

1. ஒண்ணு, ரெண்டு, மூணு

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் அந்த வீட்டுக்குள் நான் முதல்முறை நுழைந்தபோது ருக்மணி அக்காவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இடது அக்குளில் மகன் செந்தில், வலது அக்குளில் அவர்களுடைய தையல் யூனிட்டில் வேலை பார்க்கும் ஓர் ஆள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, கட்டிலிலிருந்து அவரை உருவி நிறுத்தினார்கள். பாதங்கள் தரையில் பட்டன. ஆனால் அவர் நிற்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, வீடுகளுக்கே போய்ப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். இந்த ஊரில் எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் மெஷினில் குனிந்து குனிந்து கழுத்தும் முதுகும் போனவர்கள். அடுத்தபடி பக்கவாதம் வந்தவர்கள்.

ருக்மணி அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. கணவர் இறந்த பிறகு வீட்டுக்குப் பின்னாலேயே பதினாறு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட்டைத் தனியாக நடத்தியவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், கரண்ட் வைப்பீங்களா?" என்று செந்தில் கேட்டார். தசைக்கு மின்தூண்டல் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது.

"இப்போதைக்கு இல்லை. முதல்ல அவங்களைத் தூக்கறதை நிறுத்துங்க. இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க, நீங்க அக்குள்ல பிடிச்சு இழுக்க இழுக்க அது இன்னும் கெட்டுப்போகும்."

"ஏனுங்க மேடம், தூக்காம எப்படிங்க நிப்பாங்க?"

அதற்கு அக்காவே பதில் சொன்னார். "நாலு மாசமா என்னைய மூட்டையாட்டத் தூக்கறாங்க, அம்மிணி. பாத்ரூமுக்குப் போகோணும்னா ரெண்டு ஆம்பளைங்க வரோணும். யூனிட்ல லஞ்சுக்கு பெல் அடிக்கற வரைக்கும் அடக்கிட்டுக் கெடக்கேன். எனக்குக் கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நானே போயிட்டு நானே வரோணும். முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

முடியும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2. மூக்கு முன்னால் போக வேண்டும்

நாம் நாற்காலியிலிருந்து எழும்போது காலால் எழுவதாக நினைக்கிறோம். உண்மையில் முதல் வேலை மேலுடம்புக்கு. பாதங்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இடுப்பு கட்டில் ஓரத்துக்கு வர வேண்டும். பிறகு முதுகை நிமிர்த்தியபடி முன்னால் சாய வேண்டும், மூக்கு கால்விரல்களைத் தாண்டும் அளவுக்கு. அப்போது உடம்பின் பாரம் பாதங்களின் மேல் வந்து, பின்பக்கம் தானாக லேசாகும். அதற்கப்புறம்தான் கால் நிமிர்த்தும்.

பக்கவாதம் வந்தவருக்கு முன்னால் சாய்வது பயம். தலைகுப்புற விழுவோம் என்று பின்னால் சாய்வார். அந்த நேரத்தில் இரண்டு பேர் கையைப் பிடித்து மேலே இழுத்தால் இன்னும் பின்னால்தான் தள்ளுவார். இழுப்பவர்களும் ஜெயிப்பதில்லை, அவரும் நிற்பதில்லை.

கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்து உயர்த்தினோம். இருக்கை உயரமாக இருந்தால் எழுவதற்குக் குறைந்த பலம் போதும். எழப் பழகப் பழக ஒவ்வொரு கட்டையாக எடுத்துவிடலாம். இடது பாதத்தை வலது பாதத்தைவிட இரண்டு விரல் அளவு பின்னால் வைத்தேன்.

"வராத காலை எதுக்கு அங்க வெக்கறீங்க?" என்றார் அக்கா.

"முன்னால விட்டா அது சும்மா இருக்கும். எல்லா வேலையையும் வலது காலே பார்த்துடும்."

"அப்ப வேலை குடுத்தாத்தான் செய்யுமாக்கும்."

அடுத்த நாள் எடை பார்க்கும் மெஷின் இரண்டைக் கொண்டுபோய், ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் ஒன்று வைத்தேன். கட்டிலின் முன்னால் கனமான மேஜையைப் போட்டு, வலது கையை அதன் மேல் வைக்கச் சொன்னேன். மேஜையைத் தொடலாம், இழுக்கக் கூடாது. அக்கா மூக்கை முன்னால் கொண்டுவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். நான் பக்கத்தில் மண்டியிட்டு, இடது முழங்கால் மடங்காமல் கை வைத்திருந்தேன். வலது மெஷின் நாற்பத்தெட்டு காட்டியது. இடது ஒன்பது.

"ஒம்பதுதானா?" என்றார். மூச்சு வாங்கியது. "உக்காந்துட்டு மறுபடி பாக்கலாம்."

அன்று பதினான்கு முறை எழுந்தார். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும் என்றேன். எழுவதைவிட அது கஷ்டம். திட்டிக்கொண்டே செய்தார். ஆறு வாரத்தில் இடது பக்கம் இருபத்திரண்டு கிலோ வந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டைகூட மிச்சமில்லை. பாதம் தொங்காமல் இருக்க ஸ்ப்ளிண்ட் போட்டு, நாலு கால் ஸ்டிக்கைப் பிடித்து ஹாலுக்குள் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

3. என் தவறு

இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பேஷண்ட் நடக்கும்போது நாங்கள் அவருடைய பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். கை தொடாமல், ஆனால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் காலத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அன்று அக்கா ஹாலின் கடைசிவரை நடந்துவிட்டார். திரும்ப வேண்டும். என் போன் அடித்தது. வேறொரு பேஷண்டின் வீட்டிலிருந்து. எடுத்து "அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்ல மூன்று நொடி ஆகியிருக்கும்.

நேராக நடப்பதைவிடத் திரும்புவது ஆபத்தானது. சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்ப வேண்டும். அவர் உடம்பைத் திருப்பிவிட்டார், இடது பாதம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் நிற்க வேண்டிய பக்கத்தில் விழுந்தார்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. இடுப்பில் பெரிதாகக் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் செந்தில் முகம் கறுத்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போதுமுங்க மேடம். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் வரும், பொறவு பெருசா ஒண்ணும் எதிர்பாக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு. வீல்சேர் வாங்கியாச்சு. அம்மா உக்காந்துட்டே இருக்கட்டும். இருக்கறது போதும்."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினோரு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

பன்னிரண்டாவது நாள் காலையில் போன். அக்காதான்.

"ஏன் அம்மிணி, விழுந்தது நானு. நீங்க எதுக்குப் படுத்துக்கிட்டீங்க?"

"அக்கா, செந்தில் வேண்டாம்னு சொன்னார்..."

"ஒடம்பு அவனுதா, என்றதா? இன்னிக்கு வரீங்களா, இல்ல நானே எந்திரிச்சுப் பாக்கட்டுமா?"

போனேன்.

4. தரையிலிருந்து

செந்தில் வாசலிலேயே நின்றார். "மறுபடி விழுந்தா என்ன பண்றதுங்க?" அவர் பயத்தில் தப்பில்லை. அப்பாவை இழந்தவர். அம்மாவையும் இழக்கப் பயப்படுகிறார். ஆனால் அந்தப் பயத்துக்காக அம்மாவைக் கட்டிலோடு கட்டிப்போட முடியாது என்று எனக்கு அன்றுதான் தெளிவாகத் தோன்றியது.

"விழலாம். விழவே மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "அதனால இன்னிக்கு நடக்கப் போறதில்லை. விழுந்தா எப்படி எழறதுன்னு பழகப் போறோம்."

"தரையில படுக்க வெக்கறீங்களா? எங்கம்மாவையா?"

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "கண்ணு, நீ சும்மா நில்லு. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு. நான் கூப்புட்டாத்தான் வரோணும்."

ஹாலில் மெத்தை விரித்து அக்காவைப் படுக்க வைத்தேன். வலது பக்கம் புரண்டார். இடது கையை வலது கையால் இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். வலது முழங்கையை ஊன்றி ஒருக்களித்து உட்கார்ந்தார். அங்கிருந்து மண்டியிட வேண்டும். நகராமல் சுவரோடு ஒட்டிப் போட்ட மர நாற்காலியில் வலது கையை ஊன்றி, வலது பாதத்தை முன்னால் வைத்து எழ வேண்டும்.

மண்டி போடும் இடத்தில் சிக்கிக்கொண்டார். இரண்டு முறை சரிந்தார். சேலை கலைந்தது, கண்ணில் நீர் வந்தது. செந்தில் ஓரடி முன்னால் வைத்தார்.

"நில்லுன்னு சொன்னனல்ல," என்றார் அக்கா, அவரைப் பார்க்காமலே.

நானும் தொடவில்லை. என் கைகள் அவர் இடுப்புக்குப் பக்கத்திலேயே காத்திருந்தன. பிடித்துவிட வேண்டும் என்று விரல்கள் துடித்தன. தூக்குவது எவ்வளவு சுலபம், தூக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இருபது நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். மூன்றாவது முறை முழங்கால் நின்றது. அடுத்து வலது பாதம் முன்னால் வந்தது. மூக்கு நாற்காலிக்கு மேல் போனது. எழுந்து, திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

செந்தில் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "நாளைக்கு எத்தன மணிக்கு மேடம் வருவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தினமும் இரண்டு முறை தரையிலிருந்து எழுந்தார். ஒரு மாதத்தில் இருபது நிமிடம் நான்காகக் குறைந்தது. அதன் பிறகு நடப்பதற்கு அவர் பயப்படவே இல்லை. விழுந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த விஷயமாகிவிட்டதல்லவா.

5. தாழ்ப்பாள்

பாத்ரூமில் சுவரில் கம்பி பதித்தோம். டாய்லெட் இருக்கையை உயர்த்தினோம். நிலைப்படியைக் கொத்தி எடுத்தார் செந்தில், அவரே சுத்தியல் பிடித்து. பக்கவாதம் வந்து எட்டு மாதம் முடிந்திருந்த ஒரு வியாழக்கிழமை, அக்கா கட்டிலிலிருந்து தனியாக எழுந்தார், நடந்தார், உள்ளே போனார்.

தாழ்ப்பாள் போடக் கூடாது, சும்மா சாத்தினால் போதும் என்று நான் நூறு முறை சொல்லியிருந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

செந்தில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

"அம்மா, ஆச்சா?"

"ஆகலே. போயி வேலையைப் பாரு."

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிதானமாக, யாருக்கும் அவசரப்படாமல். எட்டு மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தனியாக இருந்த முதல் பத்து நிமிடம் அது.

அக்காவின் இடது கை இன்றுவரை முழுதாக வரவில்லை. நடக்கும்போது இடது பக்கம் சாய்கிறார், ஸ்ப்ளிண்ட் இல்லாமல் முடியாது. தினமும் யூனிட்டுக்குப் போய் செக்கிங் டேபிளில் நின்று தைத்து வந்த பீஸ்களை ஒரு கையால் புரட்டிப் பார்க்கிறார். ஓட்டை இருந்தால் டெய்லர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டத்தில் வந்து பேசும்படி கேட்டேன். "சனிக்கிழமை லோடு போகோணும் அம்மிணி, மேடைக்கெல்லாம் நேரமில்லை" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். போனை வண்டியிலேயே வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் மெதுவாகும், உண்மை. மெதுவாகும் என்பதற்கு நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. யாராவது அப்படிச் சொன்னால், அவர் எத்தனை பேரை எத்தனை நாள் எழ வைத்துப் பார்த்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நான் கேட்கிறேன், சில டாக்டர்களுக்கு அதனால் என்னைப் பிடிக்காது. பரவாயில்லை. வீட்டுக்குள் போனதும் மூட்டின் கோணத்தையும் தசையின் பலத்தையும் அளப்பதற்கு முன், எங்கே நடந்து போக வேண்டும் என்று பேஷண்டிடமே கேளுங்கள். பெரும்பாலும் மிகப் பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்தைத்தான் சொல்வார்கள். அந்த இடம்வரை தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.