திங்கட்கிழமைக் கால்

கோட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், அந்தத் தெருவில் கோட்டுப் போட்ட ஆளைத் தேட மாட்டார்கள். கோட்டுத் தைப்பவரைக் கைகாட்டுவார்கள். அவர் போட்டுக்கொள்வதென்னவோ கை மடித்த பழைய சட்டைதான். முப்பத்திரண்டு வருடமாகத் தைக்கிறார். குழந்தைகள் துணியை மட்டும் தொடுவதில்லை. "வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே தைங்க" என்று எந்தத் தாயாவது வந்து நின்றால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "அளவுன்னா அளவும்மா. தொளதொளன்னு வேணும்னா சாக்கு தைக்கிறவன்கிட்ட போங்க" என்பார். ஒருமுறை எடுத்த அளவை மறுமுறை எடுப்பதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. அவர் தையலில் குறை கண்டவர்கள் உண்டு. அவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகனுக்குக் கப்பலில் வேலை. வீட்டின் முன்னறைதான் கடை; பின்னால் சமையலறை; நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம், நாலு மாதத்துக்கு முன் வந்த மருமகள். மாமனாரும் மருமகளும் சண்டை போட்டதே இல்லை. சண்டை போடவும் பேச வேண்டுமே!

பிறந்த வீட்டிலிருந்து அவள் துணைக்குக் கொண்டுவந்த கோழி எட்டு முட்டைகளை அடைகாத்தது. ஏழு குஞ்சுகள் ஒரே நாளில் எழுந்து ஓடின. எட்டாவது ஒரு நாள் தாமதமாகப் பொரிந்தது. எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கினவன் மாதிரி அதற்குக் கால் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து போயின. எழ முடியவில்லை. தாய்க்கோழி இரண்டு முறை பார்த்தது, மூன்றாவது முறை கொத்தித் தள்ளியது.

மருமகள் அதைக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு திரையை விலக்கினாள்.

"மாமா, ஒரு துண்டு நாடா இருக்குமா? ரெண்டு காலும் விரியாம லேசா கட்டிவெச்சா நிமிர்ந்துடுமாம். அம்மா போன்ல சொன்னாங்க. ஒரு வாரத்துக்குள்ள சரியாகணுமாம். இல்லேன்னா அப்படியே இறுகிப்போய், எந்திரிக்கவே எந்திரிக்காதாம்."

"கோழிக்கும் நான்தான் டெய்லரா?" என்றார். ஆனால் கை தானாக நீண்டுவிட்டது. "கொண்டா இப்படி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேப்பை வைத்தார். காலின் சுற்றளவு, இரண்டு காலுக்கும் நடுவே வேண்டிய இடைவெளி. கோட்டு உள்பக்கத்துக்குப் போடும் வழுவழுப்பான துணியில் இரண்டு சின்ன வளையங்கள், நடுவே ஒரு பட்டை. பிசிர் இல்லாமல் தைத்து மாட்டினார். குஞ்சு தள்ளாடி நின்றது. மந்திரிக்குத் தைத்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது என்று மனசுக்குள் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

குஞ்சுக்குக் குடித்தனம் தையல் மேசையில்தான், விளக்குச் சூட்டில், சட்டை வைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றுக்குள். மருமகள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து வைப்பாள். அவர் நாலு தையலுக்கு ஒருதரம் அதன் அலகைத் தண்ணீரில் நனைப்பார். காசு கொடுத்தாலும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத மனிதர், "தின்னுடா கண்ணு, உனக்கென்ன கோவம்?" என்று கொஞ்சியது திரைக்கு அப்பால் கேட்டது. மருமகள் எட்டிப் பார்த்தபோது இருமிச் சமாளித்தார்.

நாலாம் நாள் அவள் திரையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

"என்னம்மா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. கட்டு இறுக்குது. பாதம் வீங்கியிருக்கு."

"எப்படி இறுக்கும்? அளவெடுத்துத்தானே தைச்சேன்?"

"அளவு சரிதான் மாமா. ஆனா அது திங்கட்கிழமைக் காலு. இன்னைக்கு வியாழன். அது வளருதே."

எடுத்துப் பார்த்தார். வளையம் தோலில் பதிந்திருந்தது. குஞ்சின் கால்விரல்கள் சில்லிட்டிருந்தன. இத்தனை வருடமும் வளர்ந்து முடித்தவர்களுக்கே தைத்த கை அது. நூலை மெல்ல வெட்டி எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, ஊசி பிடிக்கும் இரண்டு விரல்களால் நீவிவிட்டார்.

"நீ சொல்லலேன்னா..." என்றார்.

"இனிமே தினம் காலையில அளவெடுப்போம் மாமா."

அப்படியே செய்தார்கள். அவள் டேப்பை வைத்து அளவு சொல்ல, அவர் புதிதாகத் தைத்தார். நடுவே அவள் கப்பலிலிருந்து வந்த சேதியைச் சொன்னாள். அவர், மகன் சின்ன வயதில் செய்த கூத்துகளைச் சொன்னார். திங்கட்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். குஞ்சு நின்றது, நாலடி வைத்தது, பிறகு ஓடியே விட்டது. இடது காலில் ஒரு விரல் மட்டும் வளைந்தே நின்றுவிட்டது.

அந்த வாரம் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த வங்கிக்காரர் குனிந்து குஞ்சைப் பார்த்தார்.

"கால்ல என்ன இது, பிறவியிலேயே இப்படியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்? திரைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது அவருக்குக் கேட்டது.

"இல்லைங்க. கால் விரிஞ்சது பிறவி. இந்த விரல் என்னால வந்தது. நான் தைச்சது இறுக்கிடுச்சு. எம் மருமக பாத்துச் சொன்னா, இல்லேன்னா காலே போயிருக்கும்."

சொல்லி முடித்தபோது காது மடல் சுட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. வங்கிக்காரர் "ஓகோ" என்றுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு அளவுக்கு நின்றார்.

திரை விலகியது. மருமகள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுதிக்கிறேன்" என்று அளவு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.