மேவிஸின் தும்மல்

மேவிஸ் ஹார்காசிலை நாலு மாதம் பொய்க்காரி என்று சொல்லித் திரிந்தவள் நான். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

இங்கிலாந்தில், எங்கள் சால்ஃபோர்டில் மெத்தைக் கடைக்கு மேல் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. அங்கே டீ போட்டுக் கொடுப்பது மேவிஸின் வேலை. ஐம்பத்து மூன்று வயது, விதவை, வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. 1964 வசந்தத்தில் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடும் எங்கள் ஊர்ப் பையன்கள், 'கரிக்கிடங்கு ஐவர்', "அடுத்த பஸ்ஸில் வா" என்ற பாட்டை அங்கே பதிவு செய்தார்கள். மூன்றாவது சரணத்துக்கு முன் வாத்தியமெல்லாம் சட்டென்று நிற்கும். சரியாக அந்த இடத்தில் யாரோ தும்மிவிட்டார்கள். மறுபடி பாட நேரமில்லை, அப்படியே இசைத்தட்டு வெளிவந்தது. விற்பனையில் நாட்டிலேயே இரண்டாம் இடம். சனிக்கிழமை நடனக் கூடத்தில் முந்நூறு பேர் அந்த இடம் வந்ததும் ஒன்றாகத் தும்மினார்கள்.

"அது என் தும்மல்டி வினிஃப்ரெட்," என்றாள் மேவிஸ், துணி உலர்த்திக்கொண்டே.

"ஆமா, ராணி தலையில இருக்கிற கிரீடமும் உன்னோடதுதான்," என்றேன்.

டிவியில் பையன்கள் தட்டை ஓடவிட்டு வாயசைப்பார்கள். தும்மல் வரும்போது டிரம்ஸ்காரன்தான் மூக்கைச் சுளிப்பான், பெண்கள் அலறுவார்கள். நான் யாரை நம்புவது? ரொட்டிக்கடை வரிசையில் மேவிஸைப் பார்த்து எல்லோரும் "ஹச்" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். அவள் வேறு தெருவில் ரொட்டி வாங்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் இசைக்கலைஞர் சங்கத்திலிருந்து மழைக்கோட்டு போட்ட ஒருவர் வந்தார். தட்டில் சத்தம் எழுப்பிய அத்தனை பேரும் உறுப்பினராக இருக்க வேண்டுமாம். கூடத்தில் விசாரித்து, மேவிஸுக்கு ஓர் அட்டை போட்டுக் கொடுத்தார். 'வாத்தியம்' என்ற இடத்தில் 'மூக்கு' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு கட்டளை: இனி டிரம்ஸ்காரன் நடிக்கக் கூடாது, வியாழக்கிழமை டிவி நேரலையில் உறுப்பினரே தும்ம வேண்டும்.

அட்டையை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"நீயே எழுதியிருப்ப," என்றேன்.

"வியாழக்கிழமை பாரு. அதுக்கப்புறமும் நம்பலைன்னா நான் இந்தத் தெருவுலயே இருக்க மாட்டேன்."

வியாழன் சாயங்காலம் என் வீட்டு டிவி முன்னால் பதினொரு பேர். மேவிஸ் தேவாலயத் தொப்பியோடு டிரம்ஸ் பக்கத்தில் நின்றாள், கைக்குட்டையில் மிளகுத்தூள். வாத்தியங்கள் நின்றன. வாய் திறந்தது, கண் மூடியது, மூக்கு கூரையைப் பார்த்து ஏறியது. ஒன்றும் வரவில்லை. பாட்டு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்து அதே அரங்கிலிருந்து வானிலை அறிக்கை. அறிவிப்பாளர் வரைபடத்தில் வேல்ஸ் பக்கம் கோலை நீட்டியபோது, எங்கிருந்தோ அந்தத் தும்மல் வெடித்தது. அவர் திரும்பாமலே, "நல்லா இருங்கம்மா," என்றுவிட்டு மழையைத் தொடர்ந்தார்.

தட்டில் கேட்ட அதே தும்மல். நாலு மாதமாக அதற்குத்தானே ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்தபடி மேவிஸ் வந்தாள். தும்மல் டிவியில் ஒளிபரப்பானது அவளுக்குத் தெரியாது.

"ஒண்ணும் பேசாதடி. நாளைக்கே எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றாள். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"வானிலை நடுவுல தும்மினியா?"

"மூலையில நின்னுதான் தும்மினேன். யாருக்கும் கேட்டிருக்காதுன்னு..."

"நாடு முழுக்கக் கேட்டுச்சு. தட்டுல இருக்கிறது நீதான். நான்தான் பொய்க்காரி, மேவிஸ்."

கதவுகள் திறந்து, தெருவே வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேவிஸ் மெதுவாகத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொருவாட்டி சொல்லு," என்றாள். "எட்டாம் நம்பர் வீட்டுக்குக் கேக்கல."