நந்தியாவட்டை இலையில் உப்பு

இன்று காலை பல்கனித் தொட்டியில் நிற்கும் நந்தியாவட்டை இலையைத் துடைத்தபோது விரலில் உப்பு ஒட்டியது. சல்லி ஊர்க் கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டு வளவிலும் பின்னேரக் கடற்காற்று அப்பா நட்ட நந்தியாவட்டையின் பளபளப்பை மங்கவைக்கும். அம்மா பழஞ்சேலைத் துண்டை நனைத்து இலை இலையாகத் துடைப்பார். வேருக்கு ஊற்றும் நல்ல தண்ணீரைக் கோயிலடிக் கிணற்றிலிருந்து நான் கொண்டுவர வேண்டும். நாளுக்கு இரண்டு வாளி, இரண்டு நடை. ஒரு கோடையில் களைத்துப்போய், வளவுக்குள்ளேயே இருந்த உவர்க் கிணற்றில் அள்ளி ஊற்றத் தொடங்கினேன். இலை விளிம்புகள் கருகின. அம்மா காற்றைத் திட்டிக்கொண்டே தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டினார். செடி பட்டுப்போனது. பிறகு அந்த வளவையும் கடல் எடுத்துக்கொண்டது.

இத்தனை வருடம் சொல்லாததை, பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மாவிடம் இன்று சொன்னேன்.

“அம்மா, அது காத்தில்லை. நான் உவர்த்தண்ணி ஊத்தினனான்.”

“ஓம், தெரியும். மண்ணை நாக்கில வச்சுப் பாத்தனான்.”

“பிறகேன் கிடுகு கட்டினீங்கள்?”

“கொப்பர் நட்ட செடியெல்லே. அவருக்குத் தெரிஞ்சா உன்னை விடுவாரே? நீ மாட்டனெண்டா கோயிலடித் தண்ணியை நான்தான் அள்ளவேணும். எனக்கும் அவ்வளவு தூரம் நடக்க ஏலாமல் இருந்தது.”

துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். அம்மா அடுத்த இலையைத் துடைத்தார்.