பத்த வைக்க ஆள் இல்லாத சூளை

வேலையைத் திட்டமிடுவது எப்படி என்று இஞ்சினியரிங் கல்லூரியில் ஓர் ஆண்டு முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் நன்றாகவே எழுதித் தேறினேன். எதிரில் நிற்பவர் தலையாட்டினால் அவர் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை என்பது மட்டும் பாடத்தில் இல்லை. அதை விருத்தாசலத்தில் தனிப்பாடமாகக் கற்க வேண்டியிருந்தது.

அறுபதுகளின் கடைசி. ரயில் ஜங்ஷனைத் தாண்டி ஒரு சிறிய பீங்கான் தொழிற்சாலை. ஊறுகாய் ஜாடி செய்துகொண்டிருந்தோம். இருந்த சூளை போதவில்லை என்று இன்னொன்று கட்ட முடிவானது. அதுவரை செங்கல்லைக் கையால் தொட்டிராத என்னிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார் மேனேஜர். எனக்கு அப்போது தகுதிகாண் காலம் முடிகிற தறுவாய்.

"சூளை நல்லபடியா எரிஞ்சா வேலை நிரந்தரம். இல்லைன்னாலும் பரவாயில்ல. நீங்க நல்லாப் படிச்சவரு, வேற எங்கயாவது கிடைச்சிடும்" என்றார். இதைவிடப் பண்பாக ஒருவனை மிரட்ட முடியாது.

அறைச் சுவரில் பெரிய தாளை ஒட்டி, வண்ணப் பென்சிலால் கட்டம் போட்டேன். அஸ்திவாரத்துக்குப் பச்சை, சுவருக்கு நீலம், கூரைக்கு ஊதா. ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக அதற்குப் பொறுப்பானவரின் பெயர். கடைசிக் கட்டம் சிவப்பு: முதல் தீ. எல்லாரும் சேர்ந்து பெருமைப்பட வேண்டிய நாளாயிற்றே என்று, அதற்கு நேராகப் பெருந்தன்மையோடு 'அனைவரும்' என்று எழுதினேன்.

கட்டுமானம் திட்டப்படியே நடந்து முடிந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கொட்டகை முழுக்கச் சுடாத பச்சை ஜாடிகள் காத்திருந்தன. கொட்டகைக் கூரையோ ஒழுகும். மழை பிடித்துக்கொண்டால் ஜாடியெல்லாம் மறுபடி களிமண்ணாகிவிடும். அவற்றோடு என் உத்தியோகமும்.

நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மேஸ்திரிதான் சூளையைக் கட்டியவர். அவரிடம் போனேன்.

"செவுரு வெக்கிறது என் வேலைங்க சார். நெருப்பு வெக்கிறதுக்குத்தான் பாய் இருக்காருல்ல? அவரை வுட்டுட்டு நான் போயி நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

பாய் எங்கள் ஃபயர்மேன். பழைய சூளையைப் பல வருடமாக எரிப்பவர். அவரிடம் போனேன்.

"கட்டினவங்க கையால ஆரம்பிக்கறதுதான் மரியாதைங்க. மேஸ்திரி பத்த வெக்கட்டும். நான் பின்னால இருக்கேன்" என்றார்.

மேனேஜரிடம் போனேன். "நான் கடலூர் போகணும், வர நாளாகும். இந்தப் பெருமை உங்களுக்கெல்லாம் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

இவ்வளவு அடக்கமானவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்களே என்று நான் நெகிழ்ந்துபோனேன். மேஸ்திரிக்கும் பாய்க்கும் நடுவே நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. சூளை குளுகுளுவென்று அப்படியே இருந்தது. மேற்கே மேகம் கூடத் தொடங்கிய ஒரு பிற்பகலில், பொறுமை போய், இருவரையும் ஒன்றாகச் சூளை வாசலுக்கு அழைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

"ஏன் இப்படி ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிவிடறீங்க?"

மேஸ்திரி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "இவரு வேகமா எரிப்பாருங்க. கூரை விரிஞ்சா, மேஸ்திரி கட்டினது சரியில்லன்னு சொல்லிட்டுப் பீடி வலிச்சிக்கிட்டு இருப்பாரு."

"நான் பீடி குடிக்கறதில்ல, மேஸ்திரி."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் பாய்."

"பேச்சுக்குத்தான் நானும் சொல்றேன். செவுத்துல ஈரம் இருந்தா வெடிக்கத்தான் செய்யும். பாய் கொளுத்திட்டாருன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிச் சொல்லுவீங்க."

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்குப் போறேன்? இங்கயே நின்னு சொல்லுவேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. 'அனைவரும்' என்று நான் எழுதியதை அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். நல்லது நடந்தால் அனைவரும். கெட்டது நடந்தால் தீக்குச்சியைப் பிடித்தவர்.

"நானே பத்த வெக்கறேன். விரிசல் விட்டா, இஞ்சினியர் பத்த வெச்சதாலன்னு சொல்லிடுங்க. மேனேஜர்கிட்ட நானும் அதையே சொல்றேன்" என்றேன்.

இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாடி கரைந்தாலும் வேலை போகும், சூளை வெடித்தாலும் போகும். இரண்டாவதில் கொஞ்சம் கணப்பாவது கிடைக்கும்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"அப்படின்னா ஒண்ணு சொல்லட்டுங்களா சார்? பின்பக்கத்துச் செவுரு அவசரத்துல வெச்சது. இன்னும் காயல."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா, யாரு வெச்சதுன்னு கேப்பீங்க."

"எனக்கும் தெரியும் சார். தொட்டாலே சில்லுன்னு இருக்குது" என்றார் பாய். "ஜாடி அடுக்காம, வெறும் வெறகு போட்டு, கொஞ்சம் கொஞ்சமா சூடு காட்டணும். நாளாவும். ஆனா செவுரு நிக்கும்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"மேஸ்திரி கோச்சுக்குவாரு."

"கோச்சுக்கத்தான் செய்வேன்" என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார்.

என் சிவப்புக் கட்டம் தாளின் ஓரத்தைத் தாண்டிச் சுவருக்குப் போனது. ஜாடிகளைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. "காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க சார்" என்றார் பாய். மூன்றாவது பற்றியது. வெறும் சூளை மெல்லச் சூடேறிக் காய்ந்தது. மேஸ்திரி தினமும் பின்சுவரைக் குழந்தையின் நெற்றியைப் போலத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகே ஜாடிகளை அடுக்கி, முழுத் தீ வைத்தோம்.

மேனேஜர் திரும்பி வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. சூளை ஆறிக்கொண்டிருந்தது, செங்கல் வைத்து அடைத்த வாசலை இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே என்ன ஆயிற்று என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"ஜாடி எப்பவோ வெளிய வந்திருக்கணுமே. யாரு பத்த வெச்சது இதை?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "மூணு பேரும்தாங்க."

"தீக்குச்சி மட்டும் சாரோடது" என்றார் பாய். "மத்ததெல்லாம் நாங்க."

வாசலைப் பிரித்தோம். சில ஜாடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மற்றவை பழுப்பாக மினுமினுத்துக்கொண்டு நேராக நின்றன. பின்சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல்; அது யாருடையது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் ஒரு ஜாடியை விரலால் சுண்டினார். மணி மாதிரிக் கேட்டது.

"மூணு பேரு சேர்ந்து பண்ற வேலைக்கு, இஞ்சினியர்னு ஒருத்தரை நிரந்தரம் வேற பண்ணணுமா?" என்றார். சிரிக்காமல் வேடிக்கை பேசுகிறவர் அவர். அது எனக்குத் தெரியாததால், டைப் அடித்த நிரந்தர உத்தரவு கைக்கு வரும் வரை சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த சூளையின் அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போதே மேஸ்திரியும் பாயும் என் அறைக்கு வந்து உட்கார்ந்து, பின்சுவரை எத்தனை நாள் காயவிட வேண்டும் என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். நான் குறுக்கே பேசாமல், கதவைச் சாத்தாமல், கேட்டுக்கொண்டிருந்தேன்.