நாற்பது கிலோ தள்ளு

வேம்புலியம்மாள் பதினோரு வருஷமாகத் திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறாள். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதிகம் பேசமாட்டாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். தகடு அடிக்கும் அவளுடைய பிரஸ் மிஷினில், அடித்து முடித்த தகட்டைக் காற்றழுத்தத்தில் ஓடும் ஒரு சின்ன பிஸ்டன் பின்னாலிருந்து தள்ளும். தகடு மேசையைத் தாண்டித் தரையிலுள்ள தட்டில் விழும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த முதல் நாள் தகடு தட்டில் விழவில்லை. அதைத் தாண்டிப் பறந்து, அப்பால் குந்தித் தகடு பொறுக்கிக்கொண்டிருந்த, கூட வேலை செய்யும் ரேணுகாவின் புருவத்தைக் கிழித்தது. நாலு தையல்.

செட்டர் ஸ்ரீகாந்த் மேல்தான் வேம்புலியம்மாளுக்குச் சந்தேகம். மிஷின்களைச் சரிபார்த்து ஓட்டித் தருகிறவன் அவன். உற்பத்தி போதவில்லை என்று முதலாளி லட்சுமணன் முந்தின வாரம்தான் அவனைக் கடிந்திருந்தார். காற்றழுத்தத்தைக் கூட்டிவிட்டான், மீட்டரில் மட்டும் பழைய ஐந்தே காட்டும்படி முள்ளைத் திருப்பி வைத்துவிட்டான். இப்படித்தான் அவள் நினைத்தாள். அவன் டீ வாங்கிக் கொடுத்தால், வாயை அடைக்கத்தான் என்று குடிக்காமல் வைத்தாள். முதலாளி விசாரித்தபோது அவன் பெயரைச் சொல்லியும் விட்டாள். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி அவனுக்குச் சொல்லியாயிற்று.

வெள்ளி மதியம் ஸ்ரீகாந்த் வேறு பிரஸ்ஸிலிருந்து மீட்டரைக் கழற்றி வந்து, அவள் கண் முன்னால் மாட்டினான். அதிலும் முள் ஐந்தில் நின்றது.

“இன்னும் நம்பலன்னா நீயே கணக்கு போடுக்கா,” என்று சாக்பீஸை நீட்டினான்.

பிஸ்டனின் முகம் எட்டு சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றின் மேலும் ஐந்து கிலோ. நாற்பது கிலோ தள்ளு. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். பிறகு டேப்பைப் பிடித்தார்கள். மேசை எண்பது சென்டிமீட்டர் உயரம். அங்கிருந்து விழுவது தரைக்கு வர, ஒரு நொடியில் பத்தில் நாலு பங்கு ஆகும் என்றான். முன்பு அறுபது சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது, இப்போது நூற்றிருபது. அவள் தரையிலேயே வகுத்தாள். நொடிக்கு ஒன்றரை மீட்டராக இருந்தது மூன்றாகியிருந்தது.

“வேகம் மட்டும் டபுளாயிகீது. தள்ற காத்து அதேதான். பிஸ்டனுக்கு அந்தாண்ட கீற காத்து வெளிய போனாதான் அது ஓடும். அப்போ அந்தக் காத்துக்கு யாரோ வழிய தொறந்து உட்டுகீறாங்க. சீக்கிரம் முடிச்சிட்டு டிரெயின் புடிக்கலாம்னு ரேணுகாவே செஞ்சிருப்பா. இன்னாக்கா சொல்ற?”

அவள் காற்று வெளியேறும் ஓட்டையைப் பார்த்தாள். காற்றின் இரைச்சலை அடக்கும் விரல் நுனி அளவு பித்தளை சைலன்சர் அதில் பளபளத்தது. பூஜை வரைக்கும் வருஷக்கணக்கில் எண்ணெய் அழுக்கேறி, காற்றை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தது அது. பூஜைக்கு மற்றவர்கள் மிஷினை மேலாகத் துடைத்துக் குங்குமம் வைத்தார்கள். அவள்தான் அதைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சந்தனமும் வைத்து மாட்டினாள்.

நேராக ஆபீஸ் அறைக்குப் போனாள். தனியாக அந்தப் படி ஏறியதே இல்லை. லட்சுமணன் தயிர்சாதத்தில் கை வைத்தபடி நிமிர்ந்தார்.

“அவன் மேல தப்பு இல்ல சார். பூஜைக்கு சைலன்சர கழுவி மாட்டினது நான்தான்.”

அவர் அவளையும், பின்னால் வந்து நின்ற ஸ்ரீகாந்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவன் சொல்லிக் குடுத்து வந்தியா?”

“இல்ல சார். கை கழுவிட்டு வாங்க. தரையில கணக்கு கீது. நானே போட்டது.”