கணக்கு சரியாக வந்த நாள்

இது கட்டுக்கதை என்று சொல்பவர்கள் ஜெபஷீலாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். தேனியில்தான் இருக்கிறாள். நெஞ்சழுத்தக்காரி. இருட்டுக்கோ பாம்புக்கோ பயந்தவள் இல்லை.

எம்.எஸ்ஸி. பயன்பாட்டுக் கணிதம், கடைசி வருடம். ஓர் இடத்துக்குள் எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணி, கூட்ட நெரிசலைக் கணிப்பதுதான் புராஜெக்ட். சுருளிப்பட்டியைத் தாண்டி மலையில் இருந்த ஒரு சின்ன அருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே பாதை, நடுவில் கம்பித் தடுப்பு. உள்ளே போகிறவர்களை வகுப்புத் தோழன் கிங்ஸ்லி எண்ணினான். வெளியே வருகிறவர்களை ஷீலா எண்ணினாள். கையில் அமுக்கி எண்ணும் கருவி. ஆளுக்கு ஒரு 'டிக்'.

முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு அருவியை மூடினார்கள். உள்ளே போனவர்கள் 212. வந்தவர்கள் 213.

தூங்கி வழிந்தாயா என்று கிங்ஸ்லி கேலி செய்தான். மறுநாள் இடம் மாறி நின்றார்கள். அன்றும் ஒன்று கூடுதல்.

மூன்றாம் நாள் போனில் வீடியோ எடுத்தார்கள். அன்றும் ஒன்று கூடியது. வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். 4.17... கிங்ஸ்லி ஒதுங்கி வழி விடுகிறான். பாதையில் யாருமே இல்லை. 'டிக்.'

"ஈர வேட்டியோட ஒரு பெரியவரு வந்தாகளே..." என்றான்.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் போலிக் கணக்கு என்று பேராசிரியர் ஏற்கெனவே ஒரு முறை திருப்பி அனுப்பியிருந்தார். இன்னும் ஒரு நாள் கணக்கு இல்லாவிட்டால் ஒரு வருடம் வீண். நான்காம் நாளும் போனார்கள். வீடியோ எடுக்க மட்டும் தைரியமில்லை.

ஐந்து மணி. உள்ளே 164. வெளியே... 164.

கிங்ஸ்லிக்கு உயிர் வந்தது. டிக்கெட் கிழிக்கும் ராக்கையாவிடம் ஷீலாவே சொன்னாள், கணக்கு சரி என்று.

"அப்ப எல்லாரும் எறங்கிட்டாக," என்று அவர் சங்கிலியைப் பூட்டினார்.

கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். 5.40. ஷீலா நாலு நாள் கணக்கையும் திரும்பப் பார்த்தாள்.

"கிங்ஸ்லி... தினமும் ஒண்ணு கூட வரும்ல?"

"ஆமா."

"இன்னைக்கு ஏன் வரல?"

"பெரியவரு இன்னைக்கும் எறங்கியிருந்தா... உள்ள ஒருத்தர் பாக்கி," என்று அவன் எழுந்தான்.

பாதி வழியில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். ராக்கையா டார்ச்சோடு முன்னால் ஓடினார்.

பாறை இடுக்கில் கிடந்தான். தனியாகக் குளிக்க வந்த இளைஞன். உயிர் இல்லை; உடம்பு மட்டும் இன்னும் சூடாகவே இருந்தது. விரல் நுனிகள் பாறையில் தேய்ந்து கிழிந்திருந்தன.

ஐந்து மணிக்குப் பார்த்திருந்தால்...

பத்து நாள் அருவியை மூடி வைத்தார்கள். ஷீலா புராஜெக்டையே விட்டுவிட்டாள். எண்ணும் கருவி ராக்கையாவிடமே கிடந்தது.

அருவி திறந்த அன்று சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. வெளியே வருகிறவர்களை அந்தக் கருவியில் அவரே எண்ணியிருந்தார்.

"டிக்கெட் கணக்கை விட... இன்னைக்கு ரெண்டு கூட வருது தாயி."